புது வண்டியைப் பழக்குவது எப்படி?



இளங்காளையை முதல் நாளே பாரவண்டியில் யாரும் பூட்டுவதில்லை. முதலில் நுகத்தடியை மட்டும் வைத்துப் பழக்குவார்கள். அடுத்து வெறும் வண்டி. அதன் பிறகுதான் பாரம். புது தோசைக்கல்லும் அப்படித்தான். எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்கினால்தான் தோசை ஒட்டாமல் வரும்.

புது வண்டியின் இன்ஜினையும் இப்படிப் பழக்க வேண்டும். எப்படிப் பழக்குவது? அதைப் பற்றியதே இன்றைய பேச்சு.

மோட்டார் சைக்கிள், ஆட்டோ வாங்குபவர்களில் பலர் கடன் வாங்கித்தான் வாங்குகிறார்கள். வண்டி ஓடினாலும் தவணை கட்ட வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் தவணை கட்ட வேண்டும். ஆட்டோ ஓட்டுபவருக்கு வண்டி நின்ற நாள் வருமானம் இல்லாத நாள். ஆகவே முதல் சில நூறு கிலோமீட்டர் காட்டும் பொறுமை, குடும்பத்தின் பணத்தைக் காக்கும் பொறுமை.

இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதற்குள் ஒரு தண்டு மேலும் கீழும் போய் வரும். தண்டின் முனையில் ஒரு வாஷர் இருக்கும். வாஷர் சரியாகப் பொருந்தாவிட்டால் காற்று கசியும். எவ்வளவு அடித்தாலும் டயர் நிறையாது.

இன்ஜினிலும் இதே போன்ற அமைப்பு உண்டு. குழல் போன்ற பகுதிக்கு சிலிண்டர் என்று பெயர். அதற்குள் மேலும் கீழும் போய் வருவது பிஸ்டன். பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் இருக்கும். அவற்றை ரிங் என்பார்கள். பம்பில் வாஷர் செய்யும் வேலையை இன்ஜினில் ரிங் செய்கிறது.

பெட்ரோலும் காற்றும் சேர்ந்து எரியும்போது பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. அந்த விசையால்தான் வண்டி ஓடுகிறது. ரிங் சரியாகப் பொருந்தாவிட்டால் அந்த விசை கசிந்து வீணாகும். இழுவை குறையும். பெட்ரோல் அதிகம் செலவாகும். ஆயில் மேலே ஏறி எரியும். புகைக் குழாயில் நீல நிறப் புகை வரும்.

புது சிலிண்டரின் உட்சுவர் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். ஆனால் அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இருக்கும். தொழிற்சாலையிலேயே வேண்டுமென்று போடும் கோடுகள் அவை. அவற்றில் ஆயில் தங்கி நிற்கும். புது ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று உரசும். மேடுகள் சிறிது சிறிதாகத் தேயும். பிறகு இரண்டும் நன்றாகப் பொருந்திக்கொள்ளும். இதையே மெக்கானிக்குகள் "ரிங் செட் ஆவது" என்கிறார்கள்.

இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், பிஸ்டன் ஒரு நொடியில் 50 முறை மேலும் கீழும் போய் வரும். புதிதில் உரசல் அதிகம். சூடும் அதிகம். அந்த நேரத்தில் விரட்டினால் சுவரில் கீறல் விழலாம். பிஸ்டன் பிடித்துக்கொள்ளவும் செய்யலாம்.

எத்தனை கிலோமீட்டர்?

எல்லா வண்டிக்கும் ஒரே கணக்கு இல்லை. ஒரு வண்டிக்கு 500 கிலோமீட்டர் என்று இருக்கும். இன்னொன்றுக்கு 1000 என்று இருக்கும். சில வண்டிகளுக்கு 2000 வரை கூடப் போகும். வண்டியோடு தரும் கையேட்டில் இது அச்சிட்டிருக்கும். எந்தக் கியரில் எந்த வேகம் வரை போகலாம் என்பதும் இருக்கும். அதைப் படித்து, அதன்படி ஓட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. ஸ்டார்ட் செய்ததும் முறுக்கக் கூடாது. ஆயில் எல்லா இடத்துக்கும் பரவச் சிறிது நேரம் விட வேண்டும். பிறகு மெதுவாகக் கிளம்ப வேண்டும்.

2. ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கக் கூடாது.

3. நெடுநேரம் ஒரே வேகத்தில் போகக் கூடாது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும். அப்போதுதான் ரிங் எல்லா நிலையிலும் பொருந்தும்.

4. உயர்ந்த கியரில் மெதுவாகப் போனால் இன்ஜின் திணறும். வேகத்துக்கு ஏற்ற கியரைப் போட வேண்டும்.

5. அதிகப் பாரம் ஏற்றக் கூடாது. மேட்டில் பாரத்தோடு ஏறுவதைத் தவிர்ப்பது நல்லது.

6. வண்டியை நிறுத்திவைத்து, இன்ஜினை வெகுநேரம் ஓடவிடக் கூடாது. அப்படி ஓடினால் ரிங் செட் ஆகாது. ஓட்டித்தான் பழக்க வேண்டும்.

முதல் சர்வீஸ்

தேயும் மேடுகள் எங்கே போகும்? இரும்புத் தூளாக ஆயிலில் கலக்கும். ஆகவே பல வண்டிகளுக்கு முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றச் சொல்வார்கள். ஆயில் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று தள்ளிப் போடக் கூடாது. முதல் சர்வீஸில் நட்டு, போல்ட்டுகளை இறுக்கிப் பார்ப்பார்கள். செயினின் தளர்வையும் சரிசெய்வார்கள்.

இலவச சர்வீஸுக்குக் கூப்பன் தருவார்கள். அதில் நாளும் கிலோமீட்டரும் போட்டிருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதற்குள் போக வேண்டும். தவறினால், பின்னால் பழுது வரும்போது வாரன்டி கிடைக்காமல் போகலாம்.

பிரேக்கும் டயரும்

புது பிரேக்கும் உடனே முழுப் பிடி பிடிக்காது. புது டயரின் மேல்பரப்பு வழுக்கும். ஆகவே முதல் நாட்களில் முன்னே போகும் வண்டிக்குச் சற்று அதிக இடைவெளி விட வேண்டும். வளைவில் சாய்த்து ஓட்டக் கூடாது. மின்சார வண்டியில் பிஸ்டனும் ரிங்கும் கிடையாது. ஆனால் பிரேக்குக்கும் டயருக்கும் அங்கேயும் இதே கவனம் வேண்டும்.

ஒரு சிறு நோட்டு

வண்டி வைத்திருப்பவர் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்வது நல்லது. வாங்கிய தேதி, மீட்டர் காட்டும் எண், ஆயில் மாற்றிய நாள், கொடுத்த பணம் ஆகியவற்றை அதில் எழுதி வரலாம். "போன தடவை எப்போது ஆயில் மாற்றினீர்கள்?" என்று மெக்கானிக் கேட்டால் யோசிக்க வேண்டியதில்லை. நோட்டைப் பிரித்துக் காட்டினால் போதும்.