பேர் ஒன்று, கைகள் பல
(பரிசளிப்பு விழாவில் ஓர் ஆசிரியர் ஆற்றிய உரை)



ஜப்பான் என்றதும் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஞாபகம் வருவது, 1942-43இல் சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனதுதான். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. அதை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதே நாட்டுத் தொழிலாளிகளின் கைவேலை ஒன்றைப் பற்றி மட்டும் இன்று சொல்கிறேன், கேளுங்கள்.

கவாசே ஹசுய் (1883-1957) என்று ஓர் ஓவியர். ஊர் ஊராகப் போய்க் கோயில்களையும் செரி மலர்களையும் நிலவையும் வரைந்தவர். அவர் வரைந்தது முதல் வேலைதான். அதன் கோட்டுப் பிரதியைக் காட்டுச் செரி மரப் பலகையில் ஒட்டி, இன்னொருவர் உளியால் செதுக்குவார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை வேண்டும். மலரின் படத்துக்கு அந்த மரமே பலகையாகிறது, பாருங்கள்!

பிறகு அச்சடிப்பவர் பலகையில் சாயம் தடவி, காகிதத்தை வைத்து, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தட்டால் தேய்ப்பார். வானம் மேலே கருநீலமாக இருந்து, கீழே வர வர வெளுக்கும். அது அவருடைய கைப்பக்குவம். பல படங்களில் நிலாவுக்குச் சாயமே கிடையாது. சுற்றிலும் இருளை அச்சடித்து, அந்த இடத்தை மட்டும் வெறும் காகிதமாக விட்டுவிடுவார்கள். அதுதான் நிலா!

1923 செப்டம்பர் 1ஆம் நாள் தோக்கியோ வட்டாரத்தில் பெரும் நிலநடுக்கம். அதனால் மூண்ட தீயில் ஹசுயின் வரைபுத்தகங்களும், பதிப்பாளர் வத்தனாபேயின் பலகைகளும் எரிந்து போயின. எல்லாம் போச்சே என்று அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. ஹசுய் மறுபடியும் ஊர் ஊராகப் புறப்பட்டார். புதுப் பலகைகளில் உளி பேசியது.

இத்தனை பேர் உழைத்த படத்தில் ஓவியரின் பேர் இருக்கும். செதுக்கியவர் பேரும் அச்சடித்தவர் பேரும் பல படங்களில் இல்லை.

மாணவர்களே, இன்று மேடையில் உங்கள் பேரைக் கூப்பிடுவார்கள். அப்போது கீழே கைதட்டும் அம்மா அப்பாவின் கைகளைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டிய கை; செம்பனைக் குலை தூக்கிக் காய்த்துப்போன கை. உங்கள் நற்சான்றிதழில் அவர்கள் பேர் இருக்காது. அதனால், மேடையை விட்டு இறங்கியதும் பரிசை முதலில் அந்தக் கைகளில் கொடுங்கள்.