குதிரைமலைப் புதையலும் குத்தகைக் கடதாசியும்



குதிரைமலையின் அடியிலே பொன்னும் முத்தும் புதைந்து கிடக்கின்றன, அல்லி அரசாணியின் கோட்டை கடலுள் மூழ்கிக் கிடக்கின்றது என்று புத்தளக் கரையிலே வழிவழியாகப் பேசி வருகின்றோம். அண்மையில் வேறொரு பேச்சும் இதனோடு சேர்ந்திருக்கின்றது. உலகத்தின் பணம் முழுவதையும் கண்ணுக்குத் தெரியாத சிலர் எங்கிருந்தோ ஆட்டிவைக்கின்றனராம். நமது வறுமைக்கும் அவர்களே காரணமாம். படித்த இளைஞரும் இதனை நம்பக் காண்கின்றோம்.

நாம் நீதிமன்றத்திலே பழகியவர்கள். கண்ணுக்குத் தெரியாதவன்மேல் வழக்கு வைக்க இயலாது, கையொப்பமிட்டவன்மேல் வைக்கலாம். ஆதலால் கையொப்பங்களைத் தேடுவோம்.

கி.பி. முதலாம் நூற்றாண்டிலே, உரோமப் பேரரசின் செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவன் அன்னியசு புளோக்காமசு. அவனிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவனைப் புயற்காற்று அடித்துவந்து இலங்கையில் இப்புரோசு என்னும் துறையிலே சேர்த்தது என்று பிளினி எழுதிவைத்தான். கிரேக்க மொழியில் இப்போசு என்றால் குதிரை; அத்துறை நமது குதிரைமலையே என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். உரோம நாணயங்கள் வெவ்வேறு மன்னர் முகம் தாங்கியும் ஒரே நிறையாயிருக்கக் கண்டு இங்கிருந்த அரசன் வியந்தானாம். பாருங்கள், அந்தப் பழங்கதையிலேயே குத்தகைக்காரனின் ஆள் வந்துவிடுகிறான்!

இனி முத்துக்கு வருவோம். குதிரைமலையை அடுத்து, மரிச்சுக்கட்டி, சிலாவத்துறை வரையுள்ள கடலிலே முத்துப்பார்கள் இருந்தன. எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு மூழ்கியவனுக்கு, மற்றவை அரசாங்கத்துக்கு. 1905ஆம் ஆண்டுச் சலாபத்திலே மட்டும் அரசாங்கம் பெற்றது 25 இலட்சம் ரூபாய்க்கு மேல். 1906இல் அதே பார்களை இலண்டன் முதலாளிகளின் கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகையாக, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தனர். இருபது ஆண்டுக்கும் கூட்டினால் 62 இலட்சம்! 1891க்குப் பின் 1903 வரை சலாபமே நடவாதிருந்தது. ஆகவே நிலையான வாடகையை அரசாங்கம் விரும்பியதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆயினும் 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின. கம்பனியும் கலைந்தது. அடுத்த சலாபம் 1925இலேதான்.

இதிலே மறைந்த கை எங்கே? கடதாசி வெளிப்படையாகவே எழுதப்பட்டது. மூச்சடக்கி மூழ்கியவனுக்கு விளங்காத ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, அவ்வளவே.

நமது காலத்தைப் பாருங்கள். நுரைச்சோலை அனல்மின் நிலையம் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனிலே எழுந்து, 2011இல் முதற்பகுதி இயங்கத் தொடங்கியது. தோட்டக்காரர் நிலக்கரித் தூசியைப் பற்றி முறையிட்டனர். கற்பிட்டியின் 14 தீவுகளுக்கு உல்லாசப் பயணத் திட்டம் வகுத்தனர். மீனவர் தம் கரைவலைப் பாட்டைப் பற்றி முறையிட்டனர். இவற்றின் பின்னே எந்த மாயாவி நிற்கின்றான் என்று திண்ணையில் ஆராய்வதால் ஆவதென்ன? எத்தனை ஏக்கர், எத்தனை ஆண்டு, என்ன வாடகை, யார் பெயரில் என்றல்லவா கேட்க வேண்டும்!

கேட்பதற்குச் சட்டம் இருக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரசையும், காரணம் கூறாமலே, தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவு கூறவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. கமக்காரர் சங்கமும் மீனவர் சங்கமும் தத்தம் கேள்விகளை எழுதிக் கொண்டுவரட்டும். எழுத இயலாதவர்க்கு நாம் எழுதித் தருவோம், கட்டணம் இல்லை.