கொரோனா: ஒரு காரின் வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய யப்பானிலே சொந்தக் கார் வைத்திருந்தோர் மிகச் சிலரே. புதுக் கார்களைப் பெரிதும் வாங்கியோர் வாடகைக் கார் நடத்துவோராவர். அவர்களைக் கருத்திற்கொண்டு ரொயோட்டா நிறுவனம் 1957 ஆம் ஆண்டிற் கொரோனா என்னும் சிறு காரை வெளியிட்டது. கொரோனா என்பது மகுடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். பெயர் பெரிதாயினும் கார் அவசரத்திற் பிறந்ததே. வேறு கார்களுக்கென ஆக்கப்பட்ட உறுப்புகள் பல அதிலே இடம்பெற்றன.

1959 இல் நிசான் நிறுவனம் புளூபேர்ட் என்னும் காருடன் போட்டிக்கு வந்தது. அடுத்த ஆண்டே கொரோனா புதுவடிவம் பெற்றது. அதன் தோற்றம் எழிலானது. பின்சில்லுகளைத் தாங்கிய வில்லமைப்பும் புதியது. ஆயின், அன்றைய யப்பானிய வீதிகளுட் பல செப்பனிடப்படாதவை. மேடுபள்ளங்களில் நாள் முழுவதும் ஓடிய வாடகைக் கார்களில் அப்புது அமைப்புத் தாக்குப்பிடிக்கவில்லை. கொரோனா உறுதியற்றது என்ற பேச்சு எங்கும் பரவிற்று.

பழுதைத் திருத்துதல் எளிது. கெட்ட பெயரைத் திருத்துதல் அரிது. நிறுவனம் பழைய வில்லமைப்புக்கே திரும்பியது. 1,500 கன சென்ரிமீற்றர் எஞ்சினையும் பொருத்தியது. ஐயம் நீங்கவில்லை. எனவே, 1964 இல் மூன்றாவது கொரோனா வந்தபோது வீதியையே சாட்சிக்கு அழைத்தனர். புதிதாகத் திறக்கப்பட்ட மெய்சின் நெடுஞ்சாலையிலே பலரும் அறிய 1,00,000 கிலோமீற்றர் தூரம் அதனை ஓட்டிக் காட்டினர். 1965 இற் கொரோனா விற்பனையிற் புளூபேர்ட்டை முந்தியது.

அமெரிக்காவிலும் இத்தகைய மீட்சியே நிகழ்ந்தது. 1957 இல் அங்கு சென்ற கிறவுன் கார், நெடுஞ்சாலை வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது தோல்வியுற்றது. 1965 இல் 1,900 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் சென்ற கொரோனாவே இழந்த நம்பிக்கையை மீட்டது.

2001 ஆம் ஆண்டிற் கொரோனா யப்பானியச் சந்தையினின்று விடைபெற்றது. இலங்கை வீதிகளில் நன்கறியப்பட்ட பிறீமியோ, கொரோனாவின் வழித்தோன்றலாகும். அதன் உற்பத்தியும் 2021 இல் முடிவுற்றது. மகுடத்தின் பெயர் பிறந்தபோதே கிடைத்தது. அப்பெயருக்குரிய தகுதியோ தோல்வியை மறைக்காது திருத்தியபின்னரே கிடைத்தது.