கைப்பேசி பெயர்க்கும் தமிழ்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



என் உறவினர் வீடொன்றில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். ஓர் அலுவலகத்திலிருந்து அவர்களுக்குச் சிங்களத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. வீட்டுப் பிள்ளை அதைக் கைப்பேசியின் மொழிபெயர்ப்பில் இட்டான். சாட்சிக் கையொப்பத்துக்கு மாமாவை அழைத்து வருமாறு தமிழ் வந்தது. மாமனும் ஒரு நாள் பேரை இழந்து, மலையிறங்கி வெலிமடைக்கு பஸ் ஏறினார். போன பிறகுதான் தெரிந்தது, அவர்கள் கேட்டது மாமாவை அன்று, சித்தப்பாவை! சிங்களத்தில் இருந்த சொல் 'பாப்பா'. நம் தொட்டிற் பாப்பா அல்ல. சித்தப்பாவுக்குச் சிங்களவர் வழங்கும் சொல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிங்களத்திலும் மாமா மாமாவேதான். தந்தையின் தம்பிக்கு வேறு பெயர். தமிழிலும் அப்படியே. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை என்ற பேதமும் இரு மொழிக்கும் உண்டு. வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைப்பதும் இரண்டுக்கும் பொது. பின் பிழை எங்கே நுழைந்தது? கூகுள் போன்ற சேவைகள் நெடுங்காலமாகச் சிங்களத்தை முதலில் ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தையே தமிழாக்கி வந்தன. ஆங்கிலத்தில் மாமனும் சித்தப்பனும் 'அங்கிள்'தான். அடுத்த வீட்டுக்குச் சேதி சொல்ல லண்டனைச் சுற்றி வந்த கதை!

இப்பொறிக்கு இலக்கணம் தெரியாது. மனிதர் முன்பே பெயர்த்து வைத்த வாக்கியங்களை இலட்சக்கணக்கில் ஒப்புநோக்கிப் பழகுவதே அதன் படிப்பு. எழுத்து மிகுந்த மொழிக்கு நல்ல படிப்பு, குறைந்த மொழிக்கு அரைகுறைப் படிப்பு. 2006 இல் தொடங்கிய கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது 2011 இல், சிங்களம் 2014 இல். சிங்களத்தையும் தமிழையும் நேரே இணைக்கும் வாக்கியங்கள் இன்றும் சொற்பமே. அரசாங்க ஆவணங்களுக்காக மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் நேர்வழிப் பொறியொன்றை அமைத்தது போற்றத்தக்கது. ஆனால் நம் லயத்துக்கு வரும் குறுஞ்செய்தி அரசாங்க நடையில் வருவதில்லையே!

நம்மவரிற் சிலர், "தமிழ்தான் ஏறிவிட்டதே" என்பர். எந்தத் தமிழ்? பெரட்டு, கொந்தரப்பு, கவ்வாத்து என்ற சொற்களை அது எந்த அச்சுத் தாளில் படித்திருக்கும்? 'அரைப்பேர்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பாதிப் பெயர்' என்றாகும். பாதி நாட் கூலி போன துயரம் அதில் எங்கே? மாசியில் ஆடும் காமன் கூத்தின் சொற்களும் பெரும்பாலும் வாய்மொழியாகவே வந்தவை. நம்மை விட இரங்கத்தக்கவரும் நம் மாவட்டத்திலேயே உளர். மகியங்கனைக்கு அப்பால், தம்பானை வேடர்களின் மொழிக்கு இச்சேவைகளில் இடமே இல்லை.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. 1999 முதல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் வந்தன. ஆகவே தமிழிற் கடிதம் பெறுவது நம் உரிமை, சலுகையன்று. "கைப்பேசியில் போட்டுப் பாருங்கள்" என்று எந்த மேசையிலாவது சொன்னால், தம்பிமாரே, பணிவாக, ஆனால் எழுந்து செல்லாமல், தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள்.

கைப்பேசியை எறிந்துவிடச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைப் பற்றியோ பஸ் நேரத்தைப் பற்றியோ அவசரத்துக்கு உதவும், நானும் பயன்படுத்துகிறேன். மருந்தின் அளவு, காணி, பிறப்புச் சான்று, கையொப்பம் என்று வந்தால் மட்டும் இரு மொழியும் அறிந்த ஒரு மனிதரிடம் காட்டாமல் நகர வேண்டாம். ஞாயிறு மாலைகளில் சங்க மண்டபத்தில் அத்தகைய இருவர் இருக்க இசைந்துள்ளனர். கடிதங்களைக் கொண்டு வாருங்கள்.

செயலாளரிடம் ஒரு பெரிய குறிப்பேடும் கொடுத்திருக்கிறேன். இடப்பக்கம் தோட்டத்துச் சொல், வலப்பக்கம் அதன் பொருளும், சிங்களமும், ஒரு வாக்கியமும். நேற்று ஒரு தாயார் 'அரைப்பேர்' என்பதற்குச் சொன்ன விளக்கம் முதற் பக்கத்தையே நிறைத்துவிட்டது. இரண்டாம் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.