தீட்டுத் துணியை வெயிலில் காயப்போடுவோம்

(தஞ்சையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளர் இல்லை. தையல் மிஷின் மிதிக்கிறவள். எங்கள் தெருவில் சில பெண்கள் சேர்ந்து, வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்குத் துவைத்துப் பயன்படுத்துகிற துணி நாப்கின் தைத்துக் கொடுக்கிறோம். அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "சாதி ஒழிப்புக் கூட்டத்தில் இதையெல்லாம் பேசணுமா அக்கா?" என்று ஒரு தோழர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதாகவே பேசிவிடுகிறேன்.

மநுதர்மத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பட்டியல் வருகிறது. யாரைத் தொட்டால் குளித்துத் தீட்டுக் கழிக்கணும் என்கிற பட்டியல். சண்டாளர், தூரமான பெண், சாதியை விட்டுத் தள்ளப்பட்டவர், பிள்ளை பெற்றவள், பிணம். இத்தனை பேரும் ஒரே சுலோகத்தில் அடக்கம். சேரியையும் தூரத் துணியையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைத்தது அவர்கள்தான். அந்தப் பட்டியலில் தலித் பெண் இரண்டு தடவை வருகிறாள். பிறப்பால் ஒரு தடவை, மாதாமாதம் ஒரு தடவை. 1927 டிசம்பர் 25இல் மகாத்தில் பாபாசாகேப் எரித்த புத்தகம் இது. இதைப் பேச நம்ம மேடையை விட்டால் வேறு எந்த மேடை இருக்கு?

இந்தத் தீட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதையும் பார்க்கணும். பெரிய வீட்டுப் பெண்களை மூன்று நாள் மூலையில் உட்கார வைத்தார்கள். அதுவும் கொடுமைதான். நம்ம ஆயாக்களுக்கு அந்த மூலையும் கிடையாது, மூன்று நாளும் கிடையாது. ஆற்றில் தண்ணி வந்து நாற்றுப் பறித்து நடவு தொடங்கிவிட்டால், விடிஞ்சதிலிருந்து சேற்றில் குனிந்து நிற்கணும். ஒதுங்குவதற்கு வரப்பைத் தவிர ஒன்றும் இல்லை. வைத்த துணி நனைந்து, சேறு ஏறி, தொடை இடுக்கு உரசிப் புண்ணாகிப் போகும். அந்தப் புண்ணோடுதான் மறுநாளும் இறங்கணும். அவள் கோயில் வாசற்படி மிதித்தால் தீட்டு. அதே நாளில் அவள் கை நட்ட நாற்று நெல்லாகிக் கோயில் மடப்பள்ளிக்குப் போனால் தீட்டில்லை. நம்ம உழைப்பு தேவைப்படுகிற இடத்தில் மட்டும் தீட்டு எங்கேயோ ஓடி ஒளிஞ்சுக்குது. கூலிப் போராட்டத்துக்காக 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் கொளுத்திய மண் இது. அந்தக் கூலிக் கணக்கை எழுதி வைத்திருக்கோம். இந்தப் புண்ணின் கணக்கை யாரும் எழுதி வைக்கலை.

இன்னொன்றையும் பேசணும், கசந்தாலும் பேசணும். அந்தத் துணியை யார் துவைத்தார்கள்? ஊர்க்காரர்களுக்கு ஊர் வண்ணார் துவைத்தார்கள். நமக்குப் புதிரை வண்ணார் துவைத்தார்கள். பார்த்தாலே தீட்டு என்று அவர்களைப் பகலில் நடமாடவிடாமல் வைத்திருந்த ஊர்களும் உண்டு. தலித்துகளுக்குத் துவைக்கிற குடும்பத்தின் பாட்டை இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' நாவலில் எழுதினார். நம்ம மேல் ஏற்றப்பட்ட தீட்டை நமக்கும் கீழே ஒருத்தி தலையில் இறக்கி வைத்த வரலாறு நமக்குள்ளேயும் இருக்கு. அதனால் எங்கள் மிஷினடியில் ஒரு முடிவு வைத்திருக்கோம். அவரவர் துணியை அவரவர் துவைக்கணும். ஆம்பளைப் பிள்ளைகளுக்கும் இது தெரியணும், துணி காய்கிற கொடியைப் பார்த்து அவர்கள் சிரிக்கக் கூடாது.

'இதெல்லாம் அந்தக் காலம்' என்பார்கள். 2018 நவம்பர் 16, கஜா புயல். பட்டுக்கோட்டைப் பக்கம் தீட்டு என்று வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் படுக்க வைக்கப்பட்ட ஒரு சிறுமி, தென்னை மரம் சாய்ந்து செத்துப்போனாள். புயலில் செத்தவர்கள் கணக்கில் அவளைச் சேர்த்தார்கள். அந்த இரவில் அவளை வெளியே படுக்க வைத்தது எந்தப் புயல்? 2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் கிணத்துக்கடவு பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி, எட்டாம் வகுப்புப் படிக்கிற தலித் மாணவியை, பெரியவளானாள் என்பதற்காக வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துப் பரீட்சை எழுத வைத்தது. அவள் அம்மா எடுத்த வீடியோவை நாடே பார்த்தது. படிக்கிற இடத்திலேயே சேரியை உண்டாக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்.

சரி, கடை நாப்கின் இருக்கே, துணி எதுக்கு என்று கேட்கலாம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நாப்கினுக்கு 12 விழுக்காடு வரி போட்டார்கள். பெண்கள் போராடிய பிறகு 2018 ஜூலையில்தான் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2011இல் அறிவித்த 'புதுயுகம்' திட்டம் நல்ல திட்டம், நம்ம பிள்ளைகளுக்கு உதவிய திட்டம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க. இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. மாதத்துக்கு ஒன்பது வருது. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று மாற்றினால் நாளைக்கு நாலு, நாலு நாளைக்குப் பதினாறு. மீதி ஏழுக்கு எங்கே போவாள்? அம்மாவின் கிழிந்த நைலக்ஸ் புடவைக்குத்தான். அது உறிஞ்சாது, புழுங்கும், அரிக்கும். இந்தியாவில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் பாதிப்பேர் துணியும் பயன்படுத்துகிறார்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) சொல்லுது. துணி போய்விடவில்லை. நல்ல துணியா, கந்தலா என்பதுதான் கேள்வி.

பயன்படுத்தி எறிகிற நாப்கின் எங்கே போகுது என்றும் கேட்கணும். உறையிலோ தகுந்த சுற்றுப்பொருளிலோ நன்றாகச் சுற்றிப் போடணும் என்று 2016 திடக்கழிவு விதிகள் சொல்லியது. எத்தனை வீட்டில் சுற்றினார்கள்? குப்பையை வெறுங்கையால் பிரிக்கிறவரும், அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குத்தி எடுக்கிறவரும் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாரோ கழித்த தீட்டு கடைசியில் நம்ம கைக்குத்தான் வருது.

வேலை பெரிய வித்தையில்லை. பழைய வேட்டி, பருத்திப் புடவை, லுங்கி இருந்தால் போதும். சோப்புப் போட்டுக் கொதிக்கவைத்து அலசி வெயிலில் காயப்போடுவோம். ஆறேழு மடிப்பு உள்ளே, மேலே மெத்தென்ற பிளானல், அடியில் ஈரம் கசியாத துணி. இரண்டு பக்கமும் இறக்கை வைத்து டிச்சு பட்டன் அடித்தால் நகராது. கறை படிந்தால் முதலில் பச்சைத் தண்ணியில் ஊறப்போடணும், வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். நல்லாக் காயாமல் எடுத்து வைக்கக் கூடாது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வருசக் கணக்கில் வரும்.

இதை முதலில் செய்கிறவர்கள் நாங்கள் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு உடுத்த முடியாத பழந்துணி லாரி லாரியாக நம்ம கடற்கரையில் குவிந்தபோது, தில்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு அதைத் தரம் பிரிக்கிற வேலையைச் செய்தது. பழைய பருத்தித் துணியை நாப்கினாக்கிக் கொடுப்பதை அவர்கள் பெரிய இயக்கமாகவே நடத்துகிறார்கள். ஆரோவில்லில் ஈகோஃபெம், கிராமத்துப் பெண்களை வைத்துத் துணி நாப்கின் தைத்து விற்கிறது, மாணவிகளுக்கு இலவசமாகவும் கொடுக்கிறது. அவர்களிடம் கற்றுக்கொள்ள இருக்கு.

ஆனால் ஒரு சந்தேகத்தை மறைக்காமல் வைக்கிறேன். பணக்காரப் பிள்ளைக்குக் கடை நாப்கின், சேரிப் பிள்ளைக்குப் பழந்துணி என்று ஆகிவிடாதா? ஆகிவிடும், நாம் சும்மா இருந்தால். துணி நாப்கினுக்குத் தண்ணி வேணும், கதவுள்ள குளியலறை வேணும், வெயில் விழுகிற கொடி வேணும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காயவைக்க ஒரு கூரையும் வேணும். தெருக்குழாய்க்கு வரிசையில் நிற்கிற பிள்ளையிடம் துணியை மட்டும் கொடுத்து 'சுத்தமா இரு' என்று சொல்வது ஏமாற்று வேலை. மகாத்தில் 1927 மார்ச்சில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணி அள்ளினார்களே, அந்தக் கோரிக்கை இன்னும் முடியலை. எது வேணும் என்று முடிவு செய்கிறது அந்தப் பிள்ளை. அரசு கொடுக்கிற ஒன்பதைப் பதினாறாக்கு என்று கேட்போம். துணி வேணும் என்கிறவளுக்குத் தைத்தும் கொடுப்போம். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்க யாரையும் விடக்கூடாது.

மாணவத் தோழர்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். உங்கள் விடுதியில், பள்ளியில் பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணி வருதா, தாழ்ப்பாள் இருக்கா, குப்பைக்கூடை இருக்கா என்று பார்த்து எழுதி ஆட்சியருக்கு மனுப் போடுங்க. வீட்டுக்கு வெளியே பிள்ளையைப் படுக்க வைக்கிறார்கள் என்று தெரிந்தால், ஊர் வழக்கம் என்று விட்டுவிடாமல் போய்ப் பேசுங்க. மூன்றாவது, வீட்டில் கிடக்கிற பருத்தி வேட்டியைத் துவைத்துக் கொண்டுவாங்க. ஆம்பளைத் தோழர்களும் வரலாம். வெட்டிக் கொடுக்க, மடித்துக் கொடுக்க, பட்டன் அடிக்க ஆள் வேணும்.

எங்கள் தெருக் கொடியில் இப்ப நாப்கின் புடவைக்கு அடியில் காய்வதில்லை. வெளியிலேயே காயுது. முதல் வாரம் பேசினார்கள், அப்புறம் பழகிவிட்டது. உங்கள் தெருவிலும் கட்டுங்க.