மலையடிவாரத்துப் பாடம்



2024 டிசம்பர் 1, மாலை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த மறுநாள். நம் திருவண்ணாமலையில், அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வந்து, வ.உ.சி. நகரில் ஏழு உயிர்களைக் கொண்டுபோயின. அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த மாலையை நினைத்துக்கொண்டுதான் புவியியலைப் பற்றிப் பேச இந்த மேடையேறியிருக்கிறேன்.

மலை ஏன் சரிந்தது? பாதி விடை பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பாறை இது. வெயிலும் மழையும் பட்டுப்பட்டு விரிசல் விட்டு, உருண்டைப் பாறைகளாகப் பிரிந்து மண்ணுக்குள் கிடக்கிறது. விடாமழை உள்ளே இறங்கினால் மண் கனக்கும், பிடிமானம் தளரும். சரிவும் செங்குத்தாக இருந்துவிட்டால் எது தாங்கும்?

மீதி விடை பன்னிரண்டாம் வகுப்பில். அந்தச் சரிவுக்கு வீடு எப்படி வந்தது? பௌர்ணமிதோறும் மலையை வலம்வர லட்சக்கணக்கில் ஜனம் திரளும் ஊர். ஊர் பெருத்தது, மனை விலை ஏறியது, இல்லாதவர்கள் மலைப்பக்கம் ஒதுங்கினார்கள். ஏழைக்கு ஒதுங்க வேறு இடம் எங்கே இருக்கிறது, ஐயா?

அதே மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தத் தண்ணீர் பாம்பாறு வழியே தென்பெண்ணைக்கு வந்து, 1958-இல் கட்டி முடித்த நம் சாத்தனூர் அணையை நிரப்பியது. டிசம்பர் 2 விடிவதற்குள் விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். விழுப்புரமும் கடலூரும் தத்தளித்தன. எங்கோ பெய்யும் மழை யார் வீட்டுக்குள் வரும் என்று சொல்லித்தரும் பாடத்தைத்தான், "அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று நாம் ஒதுக்குகிறோம். பெற்றோர்களே, மனம் நொந்து சொல்கிறேன்.

திசையறிவு நமக்குப் புதிதா? கிழக்கே இந்திர லிங்கம், தெற்கே எம லிங்கம், மேற்கே வருண லிங்கம், வடக்கே குபேர லிங்கம். எட்டுத் திசைக்கும் லிங்கம் வைத்து மலையையே வரைபடமாக்கிய ஊரய்யா இது! தலைமை ஆசிரியர்களே, அந்த லிங்கங்கள் இருக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பிள்ளைகளைச் சம உயரக் கோட்டு வரைபடத்தோடு நடத்துங்கள். எந்த ஓடை எங்கே இறங்குகிறது, அதன் வாயில் எத்தனை வீடுகள் என்று குறிக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அதை மாநகராட்சியில் கொடுப்போம். கொடுக்கப் போகும்போது நானும் கூட வருகிறேன்.