தரையைத் தொடாத கால்



குடத்துத் தண்ணீரில் வண்டல் அடியில் படிந்திருக்கும். மேலே தெளிவு. சொம்பை அடிவரை விட்டுக் கலக்கினால்? மொத்தமும் கலங்கிப்போகும். ஏரியில் முக்குளிப்பதும் இதே கதைதான்.

இங்கிலாந்தில் ஸ்டோனி கோவ் என்று ஓர் இடம். பழைய கருங்கல் குவாரி. இப்போது நீர் நிறைந்து, ஸ்கூபா முக்குளிப்பு பழகுகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம். ஆழம் ஏறக்குறைய 35 மீட்டர். இப்படிப்பட்ட இடத்தில், அடிமண்ணை ஒருவர் காலால் கிளறினால் போதும். பின்னால் வருகிறவருக்குத் தன் கையே தெரியாது.

அதனால் அனுபவசாலிகள் தவளை மாதிரி நீந்துவார்கள். முழங்காலை மடக்கி, பாதத்தால் பக்கவாட்டில் தள்ளுவார்கள். கால் தரையைத் தொடாது. தொடவே கூடாது.

பெரிய விளக்கு கொண்டுபோனால் தெரியாதா? கொடைக்கானல் பாதையில், பனிமூட்டத்தில், ஹை பீம் போட்டிருக்கிறீர்களா? எதிரே வெள்ளைச் சுவர்தான். நீரிலும் அப்படித்தான். ஒளி துகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும்.

சரி, கலங்கியே விட்டது. மேல் எது, கீழ் எது என்றே குழம்பும். பதறாமல் மூச்சை விடுங்கள். குமிழி போகிற பக்கம்தான் மேலே. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், காதோரம் உரசிக்கொண்டு போவது புரியும்.